வரைபடத்தில் அழியும் பச்சை: கோவா கிராமங்களின் இருபது ஆண்டுப் போராட்டம்

புது தில்லி: மக்களவையில் இரண்டு உறுப்பினர்கள், மாநிலங்களவையில் ஒருவர். தலைநகரில் கோவாவின் பலம் அவ்வளவுதான். 3,702 சதுர கிலோமீட்டர் பரப்பளவு கொண்ட அந்தச் சிறிய மாநிலத்தின் குரல் நாடாளுமன்றத்தில் ஒலிப்பதே குறைவு. ஒலித்தாலும் இரும்புத்தாதுச் சுரங்கம், மகதாயி நதிநீர் என ஓரிரு பிரச்னைகளோடு நின்றுவிடும். ஆனால், அம்மாநிலக் கிராமங்கள் 2006-ஆம் ஆண்டு முதல் எழுப்பிவரும் ஒரு கேள்வி நாடு முழுமைக்கும் பொருந்துவது. ஓர் ஊரில் எது வயலாக இருக்க வேண்டும், எது வீட்டுமனையாக மாறலாம் என்பதைத் தீர்மானிக்கும் உரிமை யாருக்கு உண்டு என்பதே அக்கேள்வி.

அங்கே வாழும் மக்களுக்கா, மாநிலத் தலைநகரில் அமர்ந்திருக்கும் அமைச்சருக்கா, நிலத்தை வாங்க வரும் கட்டுமான நிறுவனத்துக்கா? இருபது ஆண்டுகளில் ஆட்சிகள் மாறின, கட்சிகள் மாறின, சட்டப் பிரிவுகளின் எண்களும் மாறின. கேள்வி மட்டும் மாறவில்லை.

திட்டம் விழுந்த கதை

கோவாவின் நிலப் பயன்பாட்டை முறைப்படுத்துவது 1974-ஆம் ஆண்டின் நகர் மற்றும் ஊரமைப்புச் சட்டம். அதன்படி, மாநிலம் முழுமைக்கும் மண்டலத் திட்டம் ஒன்று வகுக்கப்பட வேண்டும். எது குடியிருப்பு, எது விவசாய நிலம், எது தோப்பு, எது காடு என்று ஒவ்வொரு புல எண்ணுக்கும் அதில் ஒரு வண்ணம் உண்டு. அந்த வண்ணமே நிலத்தின் தலையெழுத்து. பச்சையாக உள்ள வரை அங்கே கட்டடம் எழும்பாது. குடியிருப்பு என்று மாறிய மறுநாளே அதன் விலை பல மடங்கு உயரும்.

2011-ஆம் ஆண்டை இலக்காகக் கொண்ட மண்டலத் திட்டம் 2006 ஆகஸ்டில் அறிவிக்கை செய்யப்பட்டது. அப்போது முதல்வராக இருந்தவர் காங்கிரஸ் கட்சியின் பிரதாப்சிங் ராணே. வரைபடங்கள் வெளியானபோதுதான் மக்களுக்கு விவரம் புரிந்தது. வயல்களும் தோப்புகளும் குன்றுச் சரிவுகளும் குடியிருப்புப் பகுதிகளாக நிறம் மாறியிருந்தன. ஒவ்வோர் ஊரிலும் வரைபடத்தை விரித்துவைத்து, தங்கள் வயல் எங்கே என்று மக்கள் தேடத் தொடங்கினர். புல எண்களைச் சரிபார்க்கும் இந்த வேலையிலிருந்துதான் இயக்கம் பிறந்தது.

மருத்துவர்கள், கட்டடக் கலைஞர்கள், ஆசிரியர்கள், விவசாயிகள், பெண்கள் அமைப்பினர் ஆகியோர் ஒன்றுசேர்ந்து 2006 டிசம்பரில் 'கோவா பச்சாவ் அபியான்' என்ற இயக்கத்தைத் தொடங்கினர். மருத்துவர் ஆஸ்கர் ரெபெல்லோ அதன் ஒருங்கிணைப்பாளராக இருந்தார். பனாஜி ஆசாத் மைதானத்தில் மக்கள் திரண்டனர். கட்சிக் கொடிகளுக்கு அங்கே இடமில்லை. சில வாரங்களிலேயே அரசு பணிந்தது. 2007 ஜனவரியில் மண்டலத் திட்டம் திரும்பப் பெறப்பட்டது.

அறிவிக்கை செய்யப்பட்ட ஒரு மாநிலத் திட்டம் மக்களின் எதிர்ப்பால் முழுமையாகக் கைவிடப்படுவது இந்தியாவில் அரிது. அதே ஆண்டின் இறுதியில் இன்னொரு திருப்பமும் நிகழ்ந்தது. நாடாளுமன்றம் 2005-இல் இயற்றிய சிறப்புப் பொருளாதார மண்டலச் சட்டத்தின்கீழ் கோவாவில் திட்டமிடப்பட்ட மண்டலங்கள் அனைத்தும் ரத்து செய்யப்படும் என்று 2007 டிசம்பர் 31-இல் அப்போதைய முதல்வர் திகம்பர் காமத் அறிவித்தார். நாடெங்கும் மாநில அரசுகள் அத்தகைய மண்டலங்களுக்காகப் போட்டி போட்டுக்கொண்டிருந்த காலம் அது.

ஏன் இந்தப் பதற்றம்?

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது மிகையாகத் தோன்றலாம். வளர்ச்சி வேண்டாம் என்று சொல்லும் வசதி படைத்தோரின் முணுமுணுப்பு என்று இதை ஒதுக்கியவர்களும் உண்டு. ஆனால், அந்த நிலத்தின் தன்மையை அறிந்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

மாண்டவி, சுவாரி ஆறுகளின் கழிமுகங்களை ஒட்டி 'காஜன்' எனப்படும் தாழ்நிலங்கள் உள்ளன. கடலேற்றத்தின்போது உப்புநீர் புகுந்துவிடாமல் மண்ணாலும் கல்லாலும் கரை அமைத்து, மதகு வைத்து, பல நூற்றாண்டுகளுக்கு முன் மக்கள் மீட்டெடுத்த நிலம் அது. மழைக்காலத்தில் நெல், மற்ற காலத்தில் மீனும் இறாலும், சில இடங்களில் உப்பு என்று ஒரே நிலம் மூன்று விதமாகச் சோறு போட்டது. இவ்வகை நிலம் சுமார் 18 ஆயிரம் ஹெக்டேர் என்று கணக்கிடப்பட்டுள்ளது. கரையைப் பழுதுபார்ப்பதும் மதகைக் காப்பதும் தனி ஒருவரின் வேலையல்ல; ஊரே சேர்ந்து செய்ய வேண்டிய வேலை. 'கம்யூனிதாத்' எனப்படும் ஊர்ப் பொதுநில அமைப்பு தலைமுறை தலைமுறையாக அதைக் கவனித்து வந்தது.

இத்தகைய நிலத்தில் ஒரு பகுதியை மட்டும் மண் கொட்டி உயர்த்தினால், தண்ணீர் பக்கத்து வயலுக்குப் போகும். குன்றுச் சரிவை வெட்டினால், அடிவாரக் கிணறுகளுக்கு ஊற்று நிற்கும். ஒரு நிலத்தின் வண்ண மாற்றம் அந்த நிலத்தோடு முடிவதில்லை என்பதைத்தான் கிராமத்தார் திரும்பத் திரும்பச் சொல்லி வருகின்றனர்.

யாருக்காக இந்த வீடுகள் என்ற கேள்வியும் உண்டு. 2001-இல் 13.48 லட்சமாக இருந்த கோவாவின் மக்கள்தொகை 2011-இல் 14.58 லட்சமானது. பத்தாண்டு வளர்ச்சி 8.2 சதவீதம்தான்; தேசிய சராசரியில் இது பாதியைவிடக் குறைவு. அதே 2011 கணக்கெடுப்பின்போது மாநிலத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு வீடு பூட்டிக் கிடந்தது. மும்பையிலும் தில்லியிலும் வெளிநாடுகளிலும் வசிப்போர், விடுமுறைக்கு வந்து தங்கவும் முதலீடாகவும் வாங்கிய வீடுகள் அவற்றில் கணிசம். நூறு குடும்பங்கள் வாழும் வார்டில் முந்நூறு வீடுகள் கொண்ட அடுக்குமாடி எழும்பினால், குடிநீர்க் குழாயும் மின்மாற்றியும் குறுகிய சாலையும் அதே அளவில்தான் இருக்கும். குப்பையும் கழிவுநீரும் மட்டும் பெருகும்.

கிராம சபை வரைந்த வரைபடம்

2011 திட்டம் கைவிடப்பட்ட பின், 2007-இல் ஆட்சிக்கு வந்த திகம்பர் காமத் அரசு ஒரு பணிக்குழுவை அமைத்தது. உலகப் புகழ்பெற்ற கட்டடக் கலைஞரும் கோவா வம்சாவளியினருமான சார்லஸ் கொரியாவின் வழிகாட்டுதலில் அக்குழு இயங்கியது. மத்திய அரசின் தலைமை நகரமைப்பாளராக இருந்த எட்கர் ரிபைரோவும் அதில் இடம்பெற்றார்.

2021-ஆம் ஆண்டை இலக்காகக் கொண்டு இக்குழு தயாரித்த வரைவு, நாட்டில் அதுவரை பெரிதாக முயன்று பார்க்கப்படாத ஒரு வழியைக் கையாண்டது. ஊர்வாரியாக வரைபடங்கள் அச்சிடப்பட்டு ஊராட்சிகளுக்கு அனுப்பப்பட்டன. கிராம சபைகள் கூடி விவாதித்தன. இது குளம், இது மேய்ச்சல் நிலம், இந்தப் பாதை வரைபடத்தில் விடுபட்டுள்ளது என்று ஊரார் திருத்தங்கள் எழுதி அனுப்பினர்.

காடுகள், அலையாத்திக் காடுகள், காஜன் நிலங்கள், செங்குத்தான சரிவுகள் ஆகியவை கட்டுமானத்துக்கு இடமில்லாத முதல் சூழல் மண்டலத்தில் வைக்கப்பட்டன. தோப்புகளும் மிதமான சரிவுகளும் கட்டுப்பாடுகள் மிகுந்த இரண்டாம் சூழல் மண்டலமாயின. கிராமங்களும் இரு வகைகளாகப் பிரிக்கப்பட்டன. ஓரளவு வளர்ச்சியடைந்த கிராமங்களில் தளப்பரப்பு விகிதம் 80, மற்றவற்றில் 60. அதாவது, இரண்டாம் வகைக் கிராமத்தில் ஆயிரம் சதுர மீட்டர் மனை வைத்திருப்பவர் எல்லாத் தளங்களையும் சேர்த்து 600 சதுர மீட்டருக்குமேல் கட்ட முடியாது. கிராமம் கிராமமாகவே இருக்க வேண்டும் என்ற எண்ணம் இந்த எண்களில் அடங்கியிருந்தது.

ஆனால், இறுதியாக அறிவிக்கை செய்யப்பட்டபோது, ஊர்கள் அனுப்பிய வரைபடமும் அரசு வெளியிட்டதும் பல இடங்களில் ஒத்துப்போகவில்லை என்ற குற்றச்சாட்டு எழுந்தது. கிராமங்கள் மீண்டும் கொதித்தன. 2012 தேர்தலில் காங்கிரஸ் தோற்றது. மனோகர் பாரிக்கர் தலைமையிலான பாஜக அரசு திட்டத்தை நிறுத்திவைத்தது. பழைய திட்டமும் இல்லை, புதிய திட்டமும் முழுமையாக நடைமுறையில் இல்லை என்ற இடைவெளி நீண்டது.

பக்கவாட்டுக் கதவுகள்

2018-இல் 1974-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 16-பி என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. தனிப்பட்ட நில உரிமையாளர், தன் நிலத்தின் வகைப்பாட்டை மாற்றக் கோரி விண்ணப்பிக்கலாம் என்பது அதன் சாரம். முன்பு மாநிலம் முழுமைக்குமான திட்டத்தை எதிர்த்த மக்கள், இப்போது ஒவ்வொரு புல எண்ணாக எதிர்க்க வேண்டிய நிலை ஏற்பட்டது. வழக்குகள் தொடரப்பட்டன. பின்னர் வந்த அமைச்சர் அப்பிரிவு தொடராது என்றார்.

ஆனால், 2023-இல் வேறொரு பிரிவு வந்தது. மண்டலத் திட்டத்தில் கவனக்குறைவாக நேர்ந்த பிழைகளையும் முரண்பாடான வகைப்பாடுகளையும் திருத்த அரசுக்கு அதிகாரம் அளிக்கும் 17(2) பிரிவுதான் அது. படிக்கும்போது தீங்கற்றதாகவே தோன்றும். எழுத்துப் பிழையைத் திருத்துவதை யார் எதிர்ப்பார்கள்? ஆனால், எது பிழை என்று முடிவுசெய்வது யார் என்பதில்தான் சூட்சுமம் இருந்தது. நில உரிமையாளர் விண்ணப்பிப்பார், துறை ஆராயும், அரசிதழில் அறிவிக்கை வரும். பொதுமக்களின் ஆட்சேபத்துக்கு அங்கே இடமில்லை. அரசிதழைத் தேடிப் படித்துத்தான், தங்கள் ஊரில் எந்த வயல் வீட்டுமனையாகிவிட்டது என்பதை மக்கள் அறிந்துகொண்டனர்.

கோவா அறக்கட்டளை, கோவா காஜன் சங்கம், கோவா பச்சாவ் அபியான் ஆகிய அமைப்புகள் மும்பை உயர் நீதிமன்றத்தின் கோவா அமர்வை அணுகின. 2025 மார்ச் 13-இல் தீர்ப்பு வந்தது. 17(2) பிரிவின்கீழ் வகுக்கப்பட்ட விதிகளையும் வழிகாட்டுதல்களையும் நீதிமன்றம் ரத்து செய்தது. பிரிவின் வீச்சையும் சுருக்கிப் பொருள்கொண்டது. தனிநபர் கோரிக்கைகளின் பேரில் மனை மனையாகத் திட்டத்தை மாற்றிக்கொண்டே போனால், திட்டம் என்பதே பொருளற்றுவிடும் என்பது அத்தீர்ப்பின் அடிநாதம்.

அதற்குள் இன்னொரு கதவும் திறந்திருந்தது. 2024-இல் 39-ஏ என்ற பிரிவு சட்டத்தில் சேர்க்கப்பட்டது. இதன்படியும் தனி மனைகளின் வகைப்பாட்டை மாற்றலாம். 30 நாள் பொது அறிவிப்புக் கொடுத்து ஆட்சேபங்களைப் பெற வேண்டும் என்பது மட்டுமே வேறுபாடு. இப்பிரிவையும் எதிர்த்து வழக்குகள் தொடரப்பட்டன. ஒரு கதவை மூடினால் அடுத்தது திறக்கிறது என்ற சலிப்பு கிராமங்களில் இருக்கிறது. வழக்குச் செலவுக்கு ஊராரிடம் எத்தனை முறை கையேந்துவது?

இடையிடையே வெற்றிகளும் உண்டு. 2022 அக்டோபரில் வடகோவாவின் பெர்னெம் வட்டத்துக்கென வெளியிடப்பட்ட வகைப்பாட்டு வரைவை அங்குள்ள ஊர்கள் ஒன்றாக எதிர்த்தன. மோபா விமான நிலையம் திறக்கப்படவிருந்த நேரம் அது. விமான நிலையத்தை ஒட்டி நிலத்தின் விலை ஏறிக்கொண்டிருந்தது. ஆனாலும், வரைவைக் கைவிடுவதாக அரசு அறிவிக்க நேர்ந்தது. தெற்கே கார்மோனாவிலும், துறைமுகத்துக்கு அருகே சாங்கோல்டாவைப் போலவே பரபரப்பான சான்கோலேயிலும் பெரும் அடுக்குமாடித் திட்டங்களை எதிர்த்து ஊரார் வெவ்வேறு காலங்களில் போராடியுள்ளனர்.

மறுதரப்பின் வாதம்

அரசின் தரப்பில் நியாயமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. தலைமுறைகளாக வீடு இருக்கும் இடத்தையே 2021 திட்டம் தோப்பு என்று காட்டியிருக்கிறது. தன் சொந்த நிலத்தில் மகனுக்கு ஒரு வீடு கட்ட முடியாமல் அலையும் சிறு உரிமையாளர்கள் இருக்கிறார்கள் என்று ஆளும் தரப்பு வாதிடுகிறது. அத்தகையோர் இருப்பதைப் போராடுவோரும் மறுப்பதில்லை. திருத்தம் தேவை என்றால் ஊர் முழுமைக்குமான வரைபடத்தை வைத்து, கிராம சபையில் விவாதித்துத் திருத்துங்கள் என்பதே அவர்களின் பதில்.

சுரங்கத் தொழில் பலமுறை முடங்கிய ஒரு மாநிலத்துக்குக் கட்டுமானமும் சுற்றுலாவும் வருவாய் தருகின்றன என்பது இன்னொரு வாதம். அதுவும் உண்மையே. மேலும், நிலத்தை விற்பவர்களில் கணிசமானோர் கோவாக்காரர்களே. வயலில் இறங்க ஆளில்லை; பிள்ளைகள் லிஸ்பனுக்கும் லண்டனுக்கும் போய்விட்டனர்; தரிசாகக் கிடக்கும் நிலத்துக்கு நல்ல விலை வருகிறது; விற்றால் என்ன தவறு என்று கேட்போர் ஒவ்வோர் ஊரிலும் உள்ளனர். ஆகவே, இது கிராமத்துக்கும் வெளியாருக்கும் இடையிலான சண்டை மட்டுமல்ல. பல ஊர்களில் ஒரே குடும்பத்துக்குள் நடக்கும் சண்டையும்கூட.

நெல் வயலை விவசாயி அல்லாதோருக்கு விற்பதைத் தடைசெய்யும் சட்டம் ஒன்றை 2023-இல் கோவா சட்டப்பேரவை நிறைவேற்றியது. குத்தகைதாரருக்குச் சொந்தமான நிலத்தை விவசாயம் தவிர வேறெதற்கும் பயன்படுத்தக் கூடாது என்ற சட்டம் 1991 முதலே இருக்கிறது. சட்டங்களுக்குப் பஞ்சமில்லை. ஒரு கை பூட்டுப் போடும்போது மறு கை சாவி தயாரிக்கிறது என்பதுதான் சிக்கல்.

நாடாளுமன்றம் கொடுத்ததும் கொடுக்காததும்

இந்த இடத்தில்தான் பிரச்னை தில்லிக்கு வருகிறது. 1992 டிசம்பரில் நாடாளுமன்றம் 73-ஆவது, 74-ஆவது அரசமைப்புச் சட்டத் திருத்தங்களை நிறைவேற்றியது. கிராம சபை என்ற சொல் அரசமைப்புச் சட்டத்தில் இடம்பெற்றது. கீழிருந்து மேல்நோக்கித் திட்டமிட மாவட்டத் திட்டக் குழுக்கள் அமைக்கப்பட வேண்டும் என்று 243-இசட்-டி பிரிவு கூறியது.

ஆனால், ஊராட்சிகளுக்கு அதிகாரம் அளிக்கும் 243-ஜி பிரிவில் ஒரு சொல் கவனிக்கத்தக்கது. மாநிலச் சட்டப்பேரவை அதிகாரங்களை 'வழங்கலாம்' என்றே அது கூறுகிறது. 'வழங்க வேண்டும்' என்று கூறவில்லை. நிலம் மாநிலப் பட்டியலில் உள்ள பொருள். எனவே, எந்த வயலை எப்போது மனையாக்குவது என்பது மாநிலத் தலைநகரின் அதிகாரமாகவே தொடர்கிறது. கோவா ஊராட்சி, கட்டட உரிமம் வழங்க மறுக்கலாம். ஆனால், அதன்மீது மேல்முறையீட்டை விசாரிப்பது அரசின் பஞ்சாயத்து இயக்குநரகம். ஊர் கூடி எடுத்த முடிவை ஓர் அதிகாரியின் ஆணை நிறுத்திவைக்க முடியும்.

2013-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய நிலம் கையகப்படுத்தல் சட்டத்தை இதனுடன் ஒப்பிட வேண்டும். தனியார் திட்டத்துக்காக அரசு நிலம் எடுத்தால், பாதிக்கப்படும் குடும்பங்களில் 80 சதவீதத்தின் சம்மதம் வேண்டும். பொது, தனியார் கூட்டுத் திட்டமானால் 70 சதவீதம். சமூகத் தாக்க ஆய்வும் உண்டு. ஆனால், அரசு நிலத்தை எடுக்காமல், வரைபடத்தில் அதன் வண்ணத்தை மட்டும் மாற்றினால், இந்தப் பாதுகாப்புகளில் எதுவும் இல்லை. நிலம் தனியாருக்குள் கைமாறுகிறது. சுற்றிலும் உள்ளவர்கள் பாதிக்கப்பட்டோர் பட்டியலில்கூட வருவதில்லை. ஊரின் முகத்தை மாற்றும் ஆற்றலில் இரண்டும் ஒன்றே. சட்டத்தின் பார்வையில்தான் வேறு.

பட்டியல் பகுதிகளுக்கு நிலைமை சற்று வேறு. 1996-இல் நாடாளுமன்றம் இயற்றிய தனிச் சட்டத்தாலும் 2006-இன் வன உரிமைச் சட்டத்தாலும் கிராம சபைக்கு அங்கே வலு அதிகம். ஒடிசாவின் நியம்கிரி மலையில் பாக்சைட் சுரங்கம் வேண்டுமா என்பதைக் கிராம சபைகளிடமே விட்டது உச்ச நீதிமன்றம். 2013-இல் 12 கிராம சபைகளும் வேண்டாம் என்றன. கோவாவில் பட்டியல் பகுதி எதுவும் இல்லை. கௌடா, குன்பி, வேலிப் சமூகங்கள் 2003-இல்தான் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப்பட்டன. சட்டப்பேரவையில் அவர்களுக்கு இடஒதுக்கீடு வழங்க வழிசெய்யும் மசோதா 2025 ஆகஸ்டில்தான் நாடாளுமன்றத்தின் ஒப்புதலைப் பெற்றது.

நிலத்தைக் காக்கச் சிறப்பு அந்தஸ்து வேண்டும் என்று கோவா சட்டப்பேரவை 2013-இல் ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது. நாகாலாந்துக்கும் மிஸோரமுக்கும் 371-ஆவது பிரிவின் துணைப் பிரிவுகள் நில உரிமை விஷயத்தில் தனிப் பாதுகாப்பு அளிக்கின்றன. கோவாவுக்கென்று 371-ஐ என்ற பிரிவு இருக்கிறது. ஆனால், சட்டப்பேரவையில் 30 உறுப்பினர்களுக்குக் குறையக் கூடாது என்பதைத் தவிர அதில் வேறெதுவும் இல்லை. சட்டப்பேரவையின் கோரிக்கை நிறைவேறவில்லை. மேலும், வெளியார் வாங்குவதைத் தடுத்தால் மட்டும் போதுமா, உள்ளூர் அரசே வண்ணத்தை மாற்றுவதை எந்த அந்தஸ்து தடுக்கும் என்ற கேள்விக்கும் அந்தத் தீர்மானத்தில் விடை இல்லை.

கிராமமா, நகரமா?

இன்னொரு விநோதத்தையும் குறிப்பிட வேண்டும். 2011 கணக்கெடுப்பின்படி, கோவாவின் மக்களில் 62 சதவீதத்தினர் நகர்ப்புறத்தில் வாழ்பவர்கள். பத்தாண்டுகளுக்கு முன் இது 50 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவாக இருந்தது. ஆனால், நகரங்களாகக் கணக்கிடப்பட்ட 70 இடங்களில் 56 இடங்கள் கணக்கெடுப்பின் வரையறையால் மட்டுமே நகரங்கள். நிர்வாகத்தில் அவை இன்னும் ஊராட்சிகளே. நகரத்தின் நெரிசல் வந்துவிட்டது. நகராட்சியின் நிதியும் பொறியாளரும் தீயணைப்பு வசதியும் வரவில்லை.

இந்த இடைவெளியின் விலை என்ன என்பதை 2025 டிசம்பர் 6 நள்ளிரவு காட்டியது. வடகோவாவின் ஆர்போரா கிராமத்தில், உப்பளத்தை ஒட்டி எழுப்பப்பட்டிருந்த இரவு விடுதியில் தீப்பற்றி 25 பேர் உயிரிழந்தனர். அவர்களில் பெரும்பாலோர் பிழைப்புத் தேடி வெளி மாநிலங்களிலிருந்து வந்த ஊழியர்கள். தில்லியிலிருந்து சுற்றுலா சென்றவர்களும் மாண்டனர். வழி குறுகலாக இருந்ததால், தீயணைப்பு வாகனங்கள் விடுதி வரை செல்ல முடியவில்லை. அக்கட்டடத்தை இடிக்க ஊராட்சி பிறப்பித்த ஆணை, மேல்முறையீட்டில் நிறுத்திவைக்கப்பட்டிருந்தது என்பது பின்னர் வெளிச்சத்துக்கு வந்தது. அதே விடுதி இயங்க ஊராட்சியே உரிமம் வழங்கியது எப்படி என்ற கேள்வியும் எழுந்தது. முன்னாள் பஞ்சாயத்து இயக்குநரும் ஊராட்சிச் செயலரும் பணியிடை நீக்கம் செய்யப்பட்டனர்.

இதில் கிராமங்களுக்கும் ஒரு பாடம் உண்டு. ஊராட்சிக்கு அதிகாரம் கிடைத்தால் மட்டும் போதாது. அந்த அதிகாரத்தைக் கிராம சபை கண்காணிக்கவும் வேண்டும். கட்டுமான நிறுவனத்திடம் அமைச்சர் பணியக்கூடும் என்றால், ஊராட்சித் தலைவரும் பணியக்கூடும். வரைபடத்தைப் பொதுவில் விரித்து, ஒவ்வொரு மாற்றத்துக்கும் காரணத்தை எழுத்தில் கேட்கும் மக்கள் இருக்கும் வரையில்தான் இரு தரப்பும் அஞ்சும்.

தில்லி செய்யக் கூடியது

நகர விரிவாக்கத்தை அனுமதிக்கும் முன் சுற்றுச்சூழல் தாக்க ஆய்வு தேவை. அதற்கான ஏற்பாடுகளை மத்திய, மாநிலச் சட்டமன்றங்கள் செய்ய வேண்டும் என்று 2023 ஜனவரியில் சண்டீகர் வழக்கில் உச்ச நீதிமன்றம் வேண்டுகோள் விடுத்தது. தனி வீடுகளைத் தளம் தளமாகப் பிரித்து விற்பதால் அந்நகரின் மக்கள் நெருக்கம் கூடுவதை எதிர்த்து, குடியிருப்போர் சங்கம் தொடர்ந்த வழக்கு அது. திட்டமிட்டுக் கட்டப்பட்ட நகரத்துக்கே இது தேவை என்றால், கழிமுகத்து வயல்களுக்கு எவ்வளவு தேவை?

நிலம் மாநிலப் பொருள் என்று நாடாளுமன்றம் ஒதுங்கிக்கொள்ள வேண்டியதில்லை. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் அதன் கையில் இருக்கிறது. பொருளாதார, சமூகத் திட்டமிடல் பொதுப் பட்டியலில் இருக்கிறது. குறிப்பிட்ட அளவுக்குமேல் விவசாய நிலத்தின் வகைப்பாட்டை மாற்றுமுன் கிராம சபையின் கருத்தைப் பெற வேண்டும், நீரும் சாலையும் தாங்குமா என்ற ஆய்வை வெளியிட வேண்டும் என்ற குறைந்தபட்ச நெறிமுறையை வகுக்க அவை போதுமானவை. பெருநகரங்களின் விளிம்பில் உள்ள ஊர்கள் அனைத்துக்கும் இது பொருந்தும். கோவா முந்திக்கொண்டு கேட்டுவிட்டது, அவ்வளவே.

கோவாவில் வழக்கமான கூட்டங்கள் தவிர, குடியரசு நாள், சுதந்திர நாள், காந்தி ஜயந்தி, டிசம்பர் 19 விடுதலை நாள் ஆகியவற்றிலும் சிறப்புக் கிராம சபைகள் கூடுகின்றன. 1961-இல் போர்ச்சுகீசிய ஆட்சியிலிருந்து மீண்டதைக் கொண்டாடும் அந்நாளில், கொடியேற்றம் முடிந்த கையோடு ஊரார் ஊராட்சி அலுவலகத்தில் அமர்ந்து புல எண்களைப் பற்றி விவாதிக்கிறார்கள். தீர்மானம் எழுதுகிறார்கள், கையெழுத்திடுகிறார்கள். அந்தத் தீர்மானத்துக்குச் சட்டத்தில் என்ன மதிப்பு என்பதை நாடாளுமன்றம்தான் சொல்ல வேண்டும்.